முள்ளில்லா மீனும் கிரீம் சாஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைச் சதையுள்ள மீனை முள்ளில்லாமல் துண்டு போட்டு, வெண்ணெயில் வாட்டி, பூண்டும் எலுமிச்சையும் சேர்ந்த கிரீம் சாஸோடு பரிமாறுவது எங்கள் வீட்டில் மாதம் இரண்டு முறையாவது நடக்கும். சாப்பிட்டவர்கள் செய்முறை கேட்பார்கள், வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பார்கள், மறுநாள் போன் வரும். "கிரீம் திரிஞ்சு போச்சு", "மீன் உடைஞ்சு கூழாயிடுச்சு", "சாஸ் தண்ணியா நிக்குது." மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். குழம்பு வைத்துப் பழகிய கை, இதையும் குழம்பு மாதிரியே கொதிக்க விட்டுவிடுகிறது. இத்தனை வருடத்தில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

நாலு பேருக்கு அரை கிலோ முள்ளில்லாத மீன். உள்ளங்கை அளவு நாலு துண்டு, இரண்டு சென்டிமீட்டர் கனம். சமைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு முக்கால் டீஸ்பூன் உப்பைத் தூவி வையுங்கள். அடுப்பில் வைக்கும் முன் சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்து, வெள்ளை மிளகுத்தூள் தூவிக்கொள்ளுங்கள்.

அகலமான சட்டியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய். வெண்ணெய் நுரைத்து அடங்கியதும் மீனை வைத்து, மிதமான தீயில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், திருப்பிப் போட்டு ஒரு நிமிடம். முக்கால் வேக்காடு போதும். எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். அதே சட்டியில் பொடியாக நறுக்கிய ஆறு சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு. வெங்காயம் சிவக்கக் கூடாது, கண்ணாடியானால் போதும். ஒரு டீஸ்பூன் மைதாவைத் தூவி ஒரு நிமிடம் கிளறி, அரை கப் மீன் சாறு (மீன் தலையையும் முள்ளையும் வேக வைத்து வடித்தது, செய்யும் விதம் பின்னால் வருகிறது) அல்லது வெந்நீர் ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிட்டுப் பாதியாக வற்ற விடுங்கள். தீயைக் குறைத்து 200 மில்லி கிரீம் ஊற்றுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்து, கரண்டியின் பின்பக்கம் சாஸ் படிந்து நின்றால் பதம். உப்பு பார்த்து, மீனை உள்ளே வைத்து, தட்டில் கசிந்திருக்கும் சாறையும் ஊற்றி, இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு.

அவ்வளவுதான். மீன் ஒரு வேலை, சாஸ் இன்னொரு வேலை. கடைசி இரண்டு நிமிடம்தான் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எந்த மீன் வாங்குவது?

என் முதல் தேர்வு கொடுவா. சதை வெள்ளையாக, இதழ் இதழாகப் பிரியும். கொஞ்சம் கொழுப்பும் இருப்பதால் ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் காய்ந்து போகாது. வங்காளிகள் பேட்கி என்று கொண்டாடுவதும், ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்று விற்பதும் இதே மீன்தான். கடலிலும் கழிமுகத்திலும் பிடிபடுவதோடு பண்ணையிலும் வளர்கிறது. சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்த பிறகு, பண்ணைக்குக் குஞ்சு கிடைப்பது சுலபமானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை இருக்கும்போது, பண்ணைக் கொடுவா கை கொடுக்கும்.

களவா கிடைத்தால் விடாதீர்கள். சதை கெட்டியாக இருக்கும், உடையவே உடையாது, சாஸுக்கு அவ்வளவு பொருத்தம். நன்னீர் மீனில் விரால் நல்லது. சங்கரா ருசியான மீன், ஆனால் பெரியதாகக் கிடைத்தால்தான் துண்டு தேறும். கிழங்கான் மெல்லிய மீன், ஒரு பக்கம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தாங்காது.

வஞ்சிரம் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் அது எண்ணெய் அதிகமுள்ள மீன், வாசனையும் கூடுதல், கிரீமுடைய மென்மையை அமுக்கிவிடும். அதற்கு மிளகாயும் கல்லும் இருக்கின்றன. வஞ்சிரத்தை வறுவலுக்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வௌவால் முள்ளோடு முழுதாகச் சமைத்தால்தான் அதன் ருசி.

மீன் கடையில் என்னவென்று சொல்லி வெட்டித் தரச் சொல்வது?

மார்க்கெட்டில் வெட்டித் தரும் அக்கா எடுத்ததும் கேட்பது, "கொழம்புக்கா, வறுவலுக்கா?" இரண்டையும் சொல்லிவிடாதீர்கள். குழம்பு என்றால் குறுக்கே வெட்டி முள்ளோடு துண்டு போடுவார், வறுவல் என்றால் இன்னும் மெல்லியதாக. "நடு முள்ளை எடுத்துட்டு ரெண்டு பக்கமும் தகடா எடுத்துக் குடுங்க, தோலும் உரிச்சிடுங்க, தலையும் முள்ளும் தனியா வேணும்" என்று சொல்லுங்கள். ஃபில்லட் என்றாலும் இப்போது பலருக்குப் புரிகிறது.

சென்னை நொச்சிக்குப்பத்தில் நான் வழக்கமாக வாங்கும் அக்கா இதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். செதிலைச் சுரண்டி முடித்ததும், செவுளுக்குப் பின்னால் ஒரு சாய்வு வெட்டு. அங்கிருந்து நடு முள்ளின் மேலேயே கத்தியைப் படுக்க வைத்து வால் வரை ஒரே இழுப்பு. முள்ளில் கத்தி உரசும் நறநறவென்ற சத்தம் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் சதை வீணாகவில்லை என்று அர்த்தம். அப்புறம் தோல் பக்கத்தைக் கீழே வைத்து, வால் நுனியில் உப்பைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு தோலை உருவிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இந்த வேலையைக் கேட்காதீர்கள். வார நாளில் போனால் பொறுமையாகச் செய்து தருவார்கள், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதே நியாயம்.

அரை கிலோ சதை வேண்டுமென்றால் முழு மீன் ஒன்றேகால் கிலோவாவது வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் துண்டின் நடுவே விரலால் தடவிப் பாருங்கள். தலைப் பக்கமாக ஒரு வரிசை ஊசி முள் தட்டுப்படும். கொறடு அல்லது புருவம் திருத்தும் சாமணத்தால் முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள், எதிர்த் திசையில் இழுத்தால் சதை கிழியும். சின்னக் குழந்தை சாப்பிடும் வீடு என்றால் இதை இரண்டு முறை பாருங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பாசா?

பரவாயில்லை. முதல்முறை செய்பவர்களுக்கு அதுவே சௌகரியம்: முள் இல்லை, வாடை இல்லை. பாசா என்ற பெயரில் வருவது பெரும்பாலும் வியட்நாமின் மேகாங் ஆற்றுப் பக்கத்துக் கெளுத்தி இனம். இப்போது ஆந்திரப் பண்ணைகளிலும் அதே இனம் ஏராளமாக வளர்கிறது. குறை என்னவென்றால் உறைந்த துண்டில் தண்ணீர் அதிகம். சட்டியில் வைத்ததும் குளம் கட்டிவிடும், மீன் வாடாமல் அந்தத் தண்ணீரிலேயே அவியும், சாஸும் நீர்த்துவிடும். "சாஸ் தண்ணியா நிக்குது" என்று போன் செய்தவர்களில் பாதிப் பேர் பாசா வாங்கியவர்கள். உப்பு தூவி அரை மணி நேரம் வைத்தால் தண்ணீர் வெளியே வந்துவிடும், அதை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

உறைந்த மீன் எதுவானாலும் முதல் நாள் இரவே ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். காற்றில்லாத பாக்கெட்டில் வந்திருந்தால் பிரித்துவிட்டு உருக வையுங்கள், மூடிய பாக்கெட்டுக்குள் ஆபத்தான கிருமி வளர வாய்ப்பு உண்டு. அவசரத்துக்கு வெந்நீரில் போடுவது மட்டும் வேண்டாம். வெளியே வெந்து உள்ளே கல்லாக இருக்கும்.

மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவலாமா? கவுச்சி வாடைக்கு என்ன செய்வது?

நம் வீடுகளில் மீன் என்றால் மஞ்சளும் கல்லுப்பும் இல்லாமல் கழுவமாட்டோம். இந்தப் பதார்த்தத்துக்கு மஞ்சள் வேண்டாம், சாஸ் மங்கிய மஞ்சளாகிவிடும். உப்பு நீரில் ஒரு அலசு அலசி உடனே துடைத்துவிட்டால் போதும்.

கடல் மீனின் வாடை, மீன் இறந்த பிறகு அதன் சதையில் உண்டாகும் ட்ரைமெத்திலமின் என்ற பொருளால் வருவது. புளிப்பு பட்டால் அது அடங்கிவிடும். புளிக்குழம்பும் எலுமிச்சையும் மீனோடு காலங்காலமாக ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் இங்கே எலுமிச்சையில் முன்கூட்டியே ஊற வைக்காதீர்கள். புளிப்பு சதையை வெளுக்க வைத்து இறுக்கிவிடும், பிறகு வாட்டினால் ரப்பர். விராலிலும் ஜிலேபி மீனிலும் வரும் சேற்று வாசனை வேறு. அதற்கு இருபது நிமிடம் மோரில் போட்டு வைத்து, அலசித் துடைத்தால் கணிசமாகக் குறையும்.

எந்த கிரீம்? ஏன் எனக்கு எப்போதும் திரிந்து போகிறது?

பால் திரிவது எப்படி என்று நமக்குத் தெரியும். கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்தால் பன்னீர். சூடும் புளிப்பும் சேரும்போது கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. கிரீமிலும் அதே புரதம் இருக்கிறது. ஆனால் கொழுப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு புரதம் குறைவு, கொழுப்புத் துளிகளும் குறுக்கே நிற்பதால் புரதம் எளிதில் சேர்வதில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் கிரீமைத் தளதளவென்று கொதிக்க விடுகிறார்களே, எப்படி? அவர்கள் ஊற்றுவது 35 சதவிகிதத்துக்கு மேல் கொழுப்புள்ள கிரீம். நம் ஊர் மளிகைக்கடையில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீம் பெரும்பாலும் 25 சதவிகிதம். அந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை. நம்மவர்கள் வீடியோவை அப்படியே பின்பற்றிவிட்டுத் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். தவறு கையில் இல்லை.

25 சதவிகித கிரீமுக்கு மூன்று பாதுகாப்பு. ஒன்று, அந்த ஒரு டீஸ்பூன் மைதா. மாவுச்சத்து சாஸைக் கெட்டியாக்குவதோடு புரதங்களை ஒட்டவிடாமல் தடுக்கும். மோர்க்குழம்பில் கடலை மாவோ அரைத்த அரிசியோ சேர்ப்பது எதற்கோ அதற்கேதான். இரண்டு, கிரீமை ஃபிரிட்ஜிலிருந்து முன்னதாகவே எடுத்து வைத்து, ஊற்றும் முன் சட்டியில் இருக்கும் சூடான சாறில் இரண்டு கரண்டி எடுத்துக் கிரீமில் கலக்கிவிடுங்கள். சில்லென்ற கிரீம் திடீரென்று சூட்டைச் சந்திக்கக் கூடாது. மூன்று, எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகுதான்.

சொதி வைக்கத் தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. தேங்காயின் முதல் பால் ஊற்றியதும் எப்படிப் பக்கத்திலேயே நின்று, நுரை கூடும்போது இறக்கி, ஆறிய பிறகு எலுமிச்சை பிழிகிறோமோ, அதே கவனம் இங்கேயும் போதும்.

கிரீமே இல்லையென்றால் பாலில் வெள்ளை சாஸ் செய்யலாம். ஒன்றரை டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, 300 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவிகிதம் கொழுப்பு, நீலத்தில் 3 சதவிகிதம். ஆரஞ்சை வாங்குங்கள். வீட்டில் சேர்த்து வைத்த பாலாடையைப் போடுவதானால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று மட்டும். அதிகம் ஓட்டினால் வெண்ணெயாகத் திரண்டுவிடும்.

திரிந்தே விட்டது. கொட்டிவிடவா?

வேண்டாம். உடனே அடுப்பை அணைத்துச் சட்டியைக் கீழே இறக்குங்கள். மீன் உள்ளே இருந்தால் எடுத்து வையுங்கள். லேசான மணல் மாதிரி தெரிந்தால், இரண்டு ஸ்பூன் குளிர்ந்த கிரீம் விட்டு வேகமாக அடித்தாலே பெரும்பாலும் சேர்ந்துவிடும். நன்றாகவே பிரிந்திருந்தால், ஆறவிட்டு மிக்ஸியில் அடித்து, ஒரு டீஸ்பூன் சோள மாவை இரண்டு ஸ்பூன் பாலில் கரைத்து ஊற்றி, சிறு தீயில் ஒரு நிமிடம் கிளறுங்கள். பட்டுப் போல் ஆகாது, ஆனால் பந்தியில் வைக்கலாம். எனக்குத் தெரிந்து இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

எண்ணெய் மட்டும் மேலே மிதந்தால் அது திரிதல் இல்லை, அதிகமாக வற்றிவிட்டது என்று அர்த்தம். ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கினால் சரியாகிவிடும்.

மீன் வெந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிச் சமையல் முடிந்தது.

ஆட்டுக்கறியில் தசைகளைக் கட்டி வைத்திருக்கும் சவ்வு கரைய மணிக்கணக்கில் வேண்டும். மீன் தண்ணீரில் மிதந்து வாழ்வதால் அதன் உடம்புக்கு அவ்வளவு கட்டு தேவைப்படவில்லை. சவ்வு குறைவு, இருப்பதும் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால்தான் மீன் நிமிடங்களில் வேகிறது, நிமிடங்களில் கெடுகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வீட்டுச் சமையலுக்குச் சொல்லும் அளவு, துண்டின் நடுவில் 63 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். கொதிக்கும் சாஸில் மீனைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

சமையல் வெப்பமானி எல்லா வீட்டிலும் இருக்காது. கண் போதும். துண்டை மேலிருந்து பார்க்காதீர்கள், குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். பச்சை மீன் லேசாகக் கண்ணாடி மாதிரி, சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் இருக்கும். சட்டியில் வைத்த அரை நிமிடத்தில் அடியில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றும். அது மெல்ல மேலே ஏறும். துண்டின் உயரத்தில் பாதியைத் தாண்டியதும் திருப்புங்கள். திருப்பிய பிறகு மேலும் கீழும் வெள்ளை, நடுவில் மட்டும் நூல் போலக் கண்ணாடி நிறம் மிச்சம் இருக்கும். அதுதான் எடுத்து வைக்க வேண்டிய நேரம். தட்டில் இருக்கும்போதே உள்சூட்டில் இன்னும் கொஞ்சம் வேகும், மிச்சத்தைச் சாஸில் மூடி வைக்கும் இரண்டு நிமிடம் முடித்துவிடும். கடைசியில் தடித்த இடத்தில் முள்கரண்டியால் லேசாகத் திருகிப் பாருங்கள். இதழாகப் பிரிந்து உள்ளே ஈரம் மினுக்கினால் சரி. நாராகப் பிரிந்தால் தாண்டிவிட்டது.

துண்டின் மேல் தயிர்த் துணுக்கு மாதிரி வெள்ளையாகக் கசிந்து நிற்கிறதே என்று சிலர் பயப்படுவார்கள். சூடு அதிகமானதால் பிழிந்து வெளியே வந்த மீன் புரதம் அது, கெடுதல் இல்லை. அடுத்த முறை தீயைக் குறையுங்கள்.

இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பத்து நிமிடம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, கனடா மீன்வளத் துறை பரப்பியது. ஓவனில் சுட அது உதவும்: இரண்டு சென்டிமீட்டர் துண்டு என்றால் எட்டாவது நிமிடத்திலேயே திறந்து பார்த்துவிடுங்கள். சட்டியில் செய்யும்போது கடிகாரத்தை விட அந்த வெள்ளைக் கோட்டை நம்புங்கள்.

திருப்பும்போது உடைகிறது, சட்டியில் ஒட்டுகிறது.

ஈரம்தான் முதல் எதிரி. துடைத்தது போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு தடவை துடையுங்கள். அப்புறம், வைத்த துண்டை நகர்த்தாதீர்கள். அடிப்பக்கம் பொன்னிறமானால் அதுவே விட்டுக்கொடுக்கும். ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் இன்னும் நேரமாகவில்லை என்று சட்டி சொல்கிறது. திருப்புவதற்குத் தோசைத் திருப்பியே அருமையான கருவி, அகலமாக, மெல்லியதாக இருக்கும்.

சட்டியைப் பொறுத்தவரை நான்ஸ்டிக் அல்லது அடி கனமான எவர்சில்வர் நல்லது. நன்றாகப் பழகிய இரும்புச் சட்டியில் மீன் அழகாக வாடும், ஆனால் எலுமிச்சை சேர்ந்த சாஸ் அதில் சாம்பல் நிறமாகி இரும்பு ருசி ஏறிவிடும். மண்சட்டி வேண்டவே வேண்டாம். அடுப்பை அணைத்த பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும். மீன் குழம்புக்கு அது வரம், கிரீமுக்கு அதுவே வினை.

ஒயின் ஊற்றச் சொல்கிறார்களே, அது இல்லாமல் நன்றாக வருமா?

வரும். ஒயின் தருவது புளிப்பும் கொஞ்சம் வாசனையும். வெங்காயம் வதங்கியதும் ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர் ஊற்றி முழுக்க வற்றவிட்டால் அந்த இடம் நிரம்பிவிடும். அதைவிட முக்கியம் மீன் சாறு. தனியாக வாங்கிவந்த தலையையும் நடு முள்ளையும் செவுள் நீக்கி, இரத்தம் போக அலசி, ஒரு வெங்காயம், நாலு மிளகு, கொத்தமல்லித் தண்டு போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் இருபது நிமிடம். அதற்கு மேல் விட்டால் கசப்பு இறங்கும். வடிகட்டிய அரை கப் சாறு அந்த சாஸை எங்கேயோ கொண்டு போய்விடும். (தலையைக் குழம்புக்கு எடுத்து வைத்துவிட்டு முள்ளை மட்டும் போடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கொடுவாத் தலைக் குழம்பை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.)

மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிடலாமா? வெண்புள்ளி வரும் என்கிறார்களே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களின் பயம் உண்மையானது.

இந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை மீனையும் பாலையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவு என்று சொல்கிறது. சித்த மருத்துவர்களும் தவிர்க்கச் சொல்வார்கள். அந்த மரபைப் பின்பற்றுபவர்களிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை. என் மாமியார் முதல் தடவை இந்தத் தட்டைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து அவருக்குத் தேங்காய்ப்பாலில் தனியாகச் செய்து வைக்கிறேன், விரும்பிச் சாப்பிடுகிறார்.

ஆனால் வெண்புள்ளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உடலின் எதிர்ப்பு சக்தி தன் தோலின் நிறமி அணுக்களையே தாக்குவதால் வருவது அது. மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிடுவதால் வருகிறது என்பதற்கு மருத்துவ ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. அது தொற்றாது, தொழுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெண்புள்ளி உள்ள ஒருவரைப் பார்த்து "எதையோ சேர்த்துச் சாப்பிட்டிருப்பார்" என்று பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

மீனையும் பாலையும் சேர்த்தே வாழ்கிற ஊர்கள் பல. பிரான்ஸின் நார்மண்டியில் ஒரு பக்கம் ஆங்கிலக் கால்வாய், மறு பக்கம் மாடு மேயும் பசும்புல். நாக்கு மீன் போலத் தட்டையான சோல் மீனைக் கிரீம் சாஸில் செய்வது அங்கே பெயர் பெற்ற சமையல். ஸ்காட்லாந்தில் புகையூட்டிய ஹாடக் மீனைப் பாலும் உருளைக்கிழங்கும் சேர்த்து சூப் வைக்கிறார்கள். பின்லாந்தில் சால்மன் சூப்பில் கிரீம் ஊற்றுகிறார்கள். இங்கேயே வங்காளத்தில் தயிர் மீன், தொய் மாச், விருந்துச் சமையல்.

பாலோ மீனோ தனித்தனியே ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தவிர்க்கத்தான் வேண்டும். முதல்முறை குழந்தைக்குக் கொடுப்பதானால், இரண்டும் ஏற்கெனவே பழகிய உணவாக இருக்கட்டும்.

தேங்காய்ப்பாலில் செய்தால் அதே ருசி வருமா?

அதே ருசி வராது, வேறொரு நல்ல ருசி வரும். மைதா வேண்டாம், வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய், பூண்டோடு இஞ்சியும் கீறிய பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும். சாறுக்குப் பதில் இரண்டாம் பால், கடைசியில் முதல் பால். கிட்டத்தட்ட கேரளத்து மீன் மொய்லிக்கும் யாழ்ப்பாணத்து மீன் சொதிக்கும் நடுவில் வந்து நிற்கும். அதற்கு மஞ்சளும் கொஞ்சம் சேர்க்கலாம். முந்திரி பதினைந்தை ஊற வைத்து விழுதாக அரைத்து ஊற்றுவதும் உண்டு. அது குருமா வாசனைக்குப் போய்விடுகிறது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சப்பென்று இருக்குமே, மிளகாய்த்தூள் போடலாமா?

சப்பென்று இருந்தால் உப்பும் எலுமிச்சையும் போதவில்லை என்றுதான் பொருள். முதலில் அவற்றைச் சரிசெய்து பாருங்கள். காரம் வேண்டுமென்றால் பச்சை மிளகாயைக் கீறி வெண்ணெயில் ஒரு நிமிடம் வாட்டி எடுத்துவிடுங்கள், வாசனை இறங்கும், நிறம் கெடாது. அரை டீஸ்பூன் சோம்பை நசுக்கி வெங்காயத்தோடு போட்டால் மீனுக்கு அவ்வளவு எடுப்பு. சதகுப்பைக் கீரை கிடைத்தால் பொடியாக நறுக்கி மேலே தூவுங்கள். எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவிப் போடலாம், வெள்ளைப் பகுதி கசக்கும். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் கரம் மசாலாவும் வேண்டாம். அவற்றைச் சேர்த்தால் மீன் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

எதனோடு பரிமாறுவது?

சூடான வெள்ளைச் சோறு. உருளைக்கிழங்கு மசியல் இரண்டாவது. பக்கத்தில் உப்புப் போட்டு அவித்த பீன்ஸ், பச்சை நிறம் மாறாமல், மொறுமொறுப்பு விடாமல். ஆப்பத்தோடு ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்தோம், நடுவில் இருந்த பஞ்சு சாஸை உறிஞ்சி அற்புதமாக இருந்தது. சப்பாத்திக்கு இது ஒத்துவரவில்லை.

ரொம்பக் கொழுப்பு இல்லையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லி கிரீம், 25 சதவிகிதம் என்றால் சுமார் 50 கிராம் கொழுப்பு. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பன்னிரண்டு கிராம் சொச்சம், அதோடு கொஞ்சம் எண்ணெயும் வெண்ணெயும். தினமும் சாப்பிடும் உணவு இல்லை இது. இதயநோயோ கொழுப்புக்கு மருந்தோ இருப்பவர்கள் பாதி கிரீமும் பாதி பாலுமாக, மைதாவை இரண்டு டீஸ்பூனாக்கிச் செய்யலாம்.

விருந்தினர் வருகிறார்கள், முன்கூட்டியே செய்து வைக்கலாமா? மீந்தால்?

சாஸை எலுமிச்சை சேர்க்காமல் காலையிலேயே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். மீனை உப்புப் போடாமல் துடைத்து, தட்டில் பரப்பி மூடி வையுங்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள். எட்டு நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும். மீனையும் முன்பே வாட்டி வைத்து, பிறகு சூடு பண்ணிய ஒரு விருந்து எனக்கு நினைவிருக்கிறது. பன்னிரண்டு பேர், அத்தனை துண்டும் நாராகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த அவசரத்துக்கு இடம் கொடுத்ததில்லை.

மீந்ததை ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், நம் வெயிலுக்கு அதற்கு மேல் வெளியே வைப்பது சரியில்லை. மறுநாளே தீர்த்துவிட வேண்டும். ஃபிரீசரில் வைத்தால் கிரீம் பிரிந்துவிடும். சூடாக்கும்போது இரண்டு ஸ்பூன் பால் விட்டு, மூடி போட்டு, மிகச் சிறு தீயில். மறுநாளும் அதே உருவத்தில் வேண்டுமென்றில்லை என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. மீனை உதிர்த்துச் சாஸோடு கலந்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, மேலே உருளைக்கிழங்கு மசியலை மூடி, வெண்ணெய் தடவி ஓவனில் 200 டிகிரியில் இருபது நிமிடம், மேல்பக்கம் அங்கங்கே சிவக்கும் வரை. அளவு தவறி அதிகம் வெந்துவிட்ட மீனையும் இப்படித்தான் காப்பாற்றுகிறேன். எங்கள் வீட்டுச் சின்னவள் இதற்காகவே முதல் நாள் தன் தட்டில் ஒரு துண்டை மிச்சம் வைக்கிறாள்.